பிணக்கைத் தீர்த்த பெருமகன் அண்ணல் காந்தியடிகள்

மாந்தர் கூடி வாழும் இடத்தில் கருத்து வேற்றுமை எழுவது இயல்பே. வேலி எல்லை, பங்காளிச் சொத்து, கொடுக்கல் வாங்கல், வாடகை பாக்கி, திருவிழா உபயத்தில் யாருக்கு எந்த நாள் என்பன போன்ற சிறு செய்திகளே நாளடைவில் பெரும் பகையாக வளர்ந்து விடுகின்றன. ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்து, ஒரே பள்ளியில் பயின்று, ஒரே சந்நிதியில் கைகூப்பி நின்றவர்கள், பின்னர் ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றவர் செல்லாத நிலையைச் செர்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரங்களிலும் காணாதார் இலர். பிணக்கு தோன்றுவது குற்றமன்று. அதைத் தீர்க்கும் வழியை அறியாதிருப்பதே குறை. அவ்வழியைத் தம் வாழ்நாள் முழுவதும் கற்று, கையாண்டு காட்டிய பெருமகன் அண்ணல் காந்தியடிகள் ஆவார்.

காந்தியடிகளை இந்தியாவின் விடுதலைக்குப் போராடிய தலைவராகவே பெரும்பாலோர் அறிவர். இருவருக்கிடையே எழும் வழக்கைப் பொறுமையுடன் கேட்டு, இருவர் மனமும் நோகாமல் இணக்கம் செய்து வைத்த நடுவர் என்ற நிலையிலும் அவர் வரலாறு அறியத்தக்கது.

இளமையிற் பெற்ற பாடம்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். தந்தையார் கரம்சந்த் காந்தி போர்பந்தரிலும் பின்னர் ராஜ்கோட்டிலும் திவானாகப் பணியாற்றியவர். சிற்றரசர்களுக்கும் அவர்தம் குலத்தவருக்கும் இடையே எழும் வழக்குகளைத் தீர்த்து வைத்த ராஜஸ்தானிக மன்றத்தில் அவர் உறுப்பினராகவும் இருந்தார். எனவே நடுவுநிலை என்பது அக்குடும்பத்திற்குப் புதியதன்று. அன்னையார் புத்லிபாய் நோன்பும் வழிபாடும் தவறாதவர்.

தந்தையாரைக் காணச் சமணத் துறவியரும், இஸ்லாமியரும், பார்சியரும் வருவதுண்டு. அவர்கள் தத்தம் சமயத்தைப் பற்றிப் பேசும்போது அவர் மதிப்புடன் செவிமடுப்பார். நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த இளைஞர் மோகன்தாஸ் அவ்வுரையாடல்களைக் கேட்டு வளர்ந்தார். மாற்றுக் கருத்தைக் குறுக்கிடாமல் கேட்கும் பழக்கம் அவருக்கு அங்கேயே அரும்பியது எனலாம்.

ஏறத்தாழ 15 வயதில், அண்ணன் பட்ட கடனை அடைக்க, அண்ணனின் பொற்காப்பிலிருந்து சிறு துண்டைத் திருடிய குற்றம் அவர் நெஞ்சை உறுத்தியது. நேரில் சொல்ல அஞ்சிக் கடிதமாக எழுதித் தந்தையிடம் கொடுத்தார். அதைப் படித்த தந்தையார் கண்ணீர் வடித்தார். பின் கடிதத்தைக் கிழித்துவிட்டு அமைதியாகப் படுத்துக்கொண்டார். சினத்தையும் கடுஞ்சொல்லையும் எதிர்பார்த்து நின்ற மகனுக்கு அக்கண்ணீரே தண்டனையும் மன்னிப்பும் ஆயிற்று. தவறு செய்தவனைத் திருத்தச் சினத்தினும் அன்பு வலியது என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

வாயடைத்து நின்ற வழக்கறிஞர்

1888இல் இலண்டன் சென்று சட்டம் பயின்ற காந்தியடிகள், 1891 ஜூன் மாதத்தில் வழக்கறிஞராகி நாடு திரும்பினார். பம்பாயில் ஒரு சிறு வழக்கை ஏற்று மன்றத்தில் எழுந்து நின்றபோது, நாவெழவில்லை, தலை சுற்றியது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இயலாமல் அமர்ந்து, பெற்ற கட்டணமாகிய 30 ரூபாயையும் திருப்பித் தரச் செய்தார். சொல்வன்மையால் வெல்லும் வழக்கறிஞராக அவர் அன்று தோற்றார். ஆனால், அதிகம் பேசாதவர் அதிகம் கேட்பார் என்ற உண்மைக்கு அவரே பிற்காலத்தில் சான்றானார்.

பிரிட்டோரியா வழக்கு

1893இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாணிகம் செய்துவந்த தாதா அப்துல்லா நிறுவனத்தார், ஓராண்டுப் பணிக்கு 105 பவுன் ஊதியம் பேசி அவரை வரவழைத்தனர். பிரிட்டோரியா செல்லும் வழியில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து நிறத்தின் பேரால் அவர் இறக்கிவிடப்பட்ட செய்தியை அனைவரும் அறிவர். அவர் எந்த வழக்கிற்காக அப்பயணம் மேற்கொண்டார் என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

தாதா அப்துல்லா, பிரிட்டோரியா வணிகர் தய்யப் ஹாஜி கான் முகம்மது என்பவர் மீது 40,000 பவுன் கேட்டு வழக்குத் தொடுத்திருந்தார். இருவரும் நெருங்கிய உறவினர். ஒரே ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். காந்தியடிகள் கணக்கேடுகளை வரி வரியாகப் படித்தார். கணக்கியல் தெரியாதிருந்ததால் நூல் வாங்கிக் கற்றார். உண்மை நிலையை முழுவதும் அறிந்தபின், தம் கட்சிக்காரர் பக்கமே நியாயம் வலுவாக உள்ளது என்பதை உணர்ந்தார். ஆயினும் வழக்கு நீண்டால் இருவரும் அழிந்து போவர் என்பதும் அவருக்குத் தெளிவாயிற்று. வழக்கறிஞர் கட்டணம் நாளுக்கு நாள் ஏறியது. வாணிகத்தைக் கவனிக்க இருவருக்கும் நேரமில்லை. உறவினரிடையே காழ்ப்பு முற்றியது.

வெல்லக்கூடிய வழக்கைக் கையில் வைத்திருந்த அவர், எதிர்த் தரப்பாரைத் தேடிச் சென்று சமாதானம் பேசினார். இரு தரப்பினரும் நம்பும் ஒருவரை நடுவராக ஏற்கும்படி வேண்டினார். நடுவர் முன் வழக்கு நடந்து தாதா அப்துல்லா வென்றார். தய்யப் சேட் 37,000 பவுனும் செலவுத் தொகையும் தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

இவ்விடத்தில்தான் உண்மையான சோதனை தொடங்கியது. அத்தொகையை ஒரே தவணையில் தர அவரால் இயலாது. போர்பந்தர் மேமன் வணிகரிடையே, நொடித்துப் போவதினும் சாவதே மேல் என்னும் மரபு இருந்தது. வென்றவர் தம் உரிமையைப் பிடிவாதமாகக் கேட்டால், தோற்றவரின் மானமும், ஒருவேளை உயிரும் போகும். எனவே நீண்ட காலத் தவணையில் பணத்தைப் பெற்றுக்கொள்ளுமாறு காந்தியடிகள் தம் கட்சிக்காரரிடமே மன்றாடினார். இருவரையும் நடுவரிடம் அழைத்து வந்ததைக் காட்டிலும் இதுவே கடினமாக இருந்தது. இறுதியில் தாதா அப்துல்லா இசைந்தார். ஊரார் பார்வையில் இருவர் மதிப்பும் உயர்ந்தது, உறவும் பிழைத்தது.

பிளவுபட்ட இரு தரப்பாரை ஒன்று சேர்ப்பதே வழக்கறிஞரின் மெய்யான கடமை என்பதை அவ்வழக்கு அவருக்கு உணர்த்தியது. பின்னர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்த காலத்தின் பெரும்பகுதியை, நூற்றுக்கணக்கான வழக்குகளை மன்றத்திற்கு வெளியே இணக்கமாக முடிப்பதிலேயே அவர் செலவிட்டார். அதனால் தாம் பணத்தையும் இழக்கவில்லை, ஆன்மாவையும் இழக்கவில்லை என்றே அவர் கருதினார்.

தமிழ்த் தொழிலாளியின் கண்ணீர்

1860 முதல் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியோர் பலர். அதே காலத்தில் அதே கடற்கரைகளிலிருந்து மலாயாவின் தோட்டங்களுக்கு வந்தோரின் வழித்தோன்றல்களே இன்று இவ்வட்டாரத்தில் வாழும் தமிழரில் பெரும்பாலோர். ஆகவே பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளியின் வரலாறு நம் முன்னோர் வரலாறு போன்றதே.

1894இல் ஒரு நாள், கிழிந்த ஆடையுடன், முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவாறு பாலசுந்தரம் காந்தியடிகள் முன் வந்து அழுது நின்றார். அவருடைய முதலாளியான வெள்ளையர் அடித்திருந்தார். காந்தியடிகளின் எழுத்தரான தமிழர் ஒருவர் மொழிபெயர்க்க, நடந்ததை அவர் முழுவதும் கேட்டறிந்தார். முதலில் மருத்துவரிடம் அனுப்பிக் காயத்திற்குச் சான்று பெற்றார். பின் நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். முதலாளிக்கு அழைப்பாணை பிறந்தது.

முதலாளியைச் சிறைக்கு அனுப்புவது எளிதாயிருந்திருக்கலாம். ஆனால் ஒப்பந்தச் சட்டப்படி, முதலாளியை விட்டு நீங்கும் தொழிலாளியே குற்றவாளி ஆவான். பாலசுந்தரத்திற்கு வேண்டியது பழிவாங்குதல் அன்று, அவ்விடத்திலிருந்து விடுதலை. இதை நன்குணர்ந்த காந்தியடிகள் முதலாளியை நேரிற் சந்தித்து, ஒப்பந்தத்தை வேறொருவர் பெயருக்கு மாற்ற இசைந்தால் வழக்கை மேற்கொண்டு நடத்த விருப்பமில்லை என்று தெரிவித்தார். முதலாளி இசைந்தார். நல்ல முதலாளி ஒருவரையும் காந்தியடிகளே தேடிக் கண்டார். வெள்ளையர் முன் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்ற பழக்கத்தால் அதைக் கையில் ஏந்தி வந்த பாலசுந்தரத்தை, மீண்டும் தலையில் அணிந்துகொள்ளச் செய்தார். இச்செய்தி தொழிலாளர் அனைவரிடமும் பரவியது. தம் துயரைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை அவர்களிடையே பிறந்தது.

அடித்தவரையும் அணைத்தவர்

1897 ஜனவரியில் டர்பனில் கப்பலிலிருந்து இறங்கிய காந்தியடிகளை வெள்ளையர் கூட்டமொன்று கல்லாலும் கையாலும் தாக்கியது. காவல்துறை மேலதிகாரியின் மனைவியார் தம் குடையை விரித்து இடையில் நின்று அவரைக் காத்தார். தாக்கியோர் மீது வழக்குத் தொடுக்க அரசு முன்வந்தபோதும் அவர் மறுத்துவிட்டார். தவறான செய்திகளால் தூண்டப்பட்ட மக்கள் உண்மையை அறிந்தால் வருந்துவர் என்று அவர் நம்பினார்.

1908இல் அவரைத் தாக்கியவர் ஓர் இந்தியர். ஜெனரல் ஸ்மட்ஸுடன் காந்தியடிகள் செய்துகொண்ட உடன்பாட்டைச் சமுதாயத்திற்கு இழைத்த துரோகம் என்று கருதிய மீர் ஆலம் என்ற பட்டாணியர், அவரை ஜோகன்னஸ்பர்க் வீதியில் நினைவிழக்கும்படி அடித்தார். நினைவு திரும்பியதும் காந்தியடிகள், மீர் ஆலத்தின் மீது வழக்கு வேண்டாம் என்றே வேண்டினார். அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு சொல் தவறியதால் பதிவுச் சான்றிதழ்களை எரிக்கும் கூட்டம் நடந்தது. அங்கு மீர் ஆலமே முன்வந்து, தம் தவற்றை ஒப்புக்கொண்டு, தம் சான்றிதழையும் எரிக்கக் கொடுத்தார். காந்தியடிகள் அவர் கையை அன்புடன் பற்றிக்கொண்டார்.

எதிரியின் இக்கட்டைத் தமக்கு வாய்ப்பாகக் கொள்ளாத பண்பும் அவரிடம் இருந்தது. 1914இல் தென்னாப்பிரிக்க இரயில்வேயின் வெள்ளைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து அரசு தத்தளித்தபோது, அவர் தம் போராட்டத்தை ஒத்திவைத்தார். அவ்வாண்டே உடன்பாடு ஏற்பட்டு, ஒப்பந்தக் காலம் முடிந்தோர் மீது விதிக்கப்பட்டிருந்த 3 பவுன் வரி நீங்கியது. அவ்வரிக்கெதிரான போரில் சிறை சென்று, 16 வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் தமிழர் நெஞ்சில் நிலைத்துள்ளது.

இரு பக்கமும் கேட்ட விசாரணை

1915இல் தாயகம் திரும்பிய அவர், 1917இல் பீகாரின் சம்பாரண் மாவட்டத்திற்குச் சென்றார். அங்கு உழவர்கள் தம் நிலத்தின் 20 பங்கில் 3 பங்கில் அவுரி பயிரிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. காந்தியடிகள் மேடையேறி முழங்கவில்லை. தோழர்களுடன் அமர்ந்து, ஆயிரக்கணக்கான உழவரின் வாக்குமூலங்களைக் கேட்டு எழுதினார். மிகைப்படுத்திக் கூறுவோரைக் குறுக்குக் கேள்வி கேட்டு உண்மையைப் பிரித்தெடுத்தனர். காவல்துறையின் உளவாளர்கள் வந்து அமர்ந்தபோதும் அவர் தடுக்கவில்லை. தோட்ட முதலாளிகளையும் நேரிற் கண்டு அவர்கள் பக்கத்தையும் கேட்டார்.

அரசு அமைத்த விசாரணைக் குழுவில் அவரும் உறுப்பினரானார். முறையின்றி வாங்கிய பணத்தில் 25 விழுக்காட்டைத் திருப்பித் தர முதலாளிகள் இசைந்தபோது, அதுவே போதும் என்று ஏற்றார். முழுத் தொகையையும் கேட்டிருக்கலாமே என்று பலர் வியந்தனர். ஆனால் பணத்தின் அளவைவிட, முதலாளிகள் தவற்றை ஒப்புக்கொண்டு இறங்கி வந்ததே அவருக்குப் பெரிதாகத் தோன்றியது. 1918இல் அக்கட்டாயப் பயிர் முறை சட்டத்தால் ஒழிந்தது.

தம்பி ஒரு பக்கம், அக்காள் மறுபக்கம்

1918இல் அகமதாபாத் நூற்பாலைகளில் ஊதியப் பிணக்கு எழுந்தது. ஆலை முதலாளிகளின் தலைவராக நின்றவர் அம்பாலால் சாராபாய்; தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய அக்காள் அனசூயா. இருவருமே காந்தியடிகளுக்கு வேண்டியவர்கள். தொழிலாளர் 50 விழுக்காடு உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20 விழுக்காட்டிற்கு மேல் மறுத்தனர். காந்தியடிகள் விலைவாசியையும் ஆலைகளின் நிலையையும் ஆராய்ந்து, 35 விழுக்காடே நியாயம் என்று கண்டு, தொழிலாளரைத் தம் கோரிக்கையைக் குறைத்துக்கொள்ளச் செய்தார். தம் பக்கத்தாரின் மிகையை முதலில் திருத்திய பின்னரே எதிர்ப்பக்கத்தாரிடம் கேட்டார்.

ஆலைகள் மூடப்பட்டுப் பசியால் தொழிலாளர் தளர்ந்தபோது, அவர்தம் உறுதி குலையாதிருக்கக் காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். மூன்று நாளில் உடன்பாடு பிறந்தது. அவ்வுடன்பாட்டின் நயம் எண்ணி மகிழத்தக்கது. முதல் நாள் 35 விழுக்காடு வழங்கப்பட்டது. அதனால் தொழிலாளரின் சூளுரை காக்கப்பட்டது. இரண்டாம் நாள் 20 விழுக்காடு. அதனால் முதலாளிகளின் சொல் காக்கப்பட்டது. மூன்றாம் நாள் முதல், நடுவர் தீர்ப்பு வரும்வரை, இரண்டிற்கும் நடுவான இருபத்தேழரை விழுக்காடு. நடுவராகப் பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா ஏற்கப்பட்டார். அவர் பின்னர் 35 விழுக்காட்டையே உறுதி செய்தார். எவரும் தலைகுனியாமல் வீடு திரும்ப வழி செய்வதே நல்ல இணக்கம் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

அந்த நோன்பு முதலாளிகளின் அன்பைப் பயன்படுத்தி அவர்களை நெருக்கிவிட்டது என்ற குறையையும் காந்தியடிகள் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். தம் தவற்றைத் தாமே சொல்லும் நடுவரை இரு தரப்பாரும் நம்புவர்.

நவகாளியும் கல்கத்தாவும்

1946இல் வங்காளத்தின் நவகாளியில் சமயக் கலவரம் மூண்டது. 77 வயதான காந்தியடிகள் அங்குச் சென்று, ஊர் ஊராக வெறுங்காலுடன் நடந்தார். வீடிழந்தோரின் துயரத்தையும், அவர்களை அஞ்சி வெறுத்தோரின் மனத்தையும் ஒருங்கே கேட்டறிந்தார். ஒவ்வோர் ஊரிலும் ஓர் இந்துவும் ஓர் இஸ்லாமியரும் இணைந்து அவ்வூர் அமைதிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று முயன்றார். அந்த முதுமையிலும் வங்க மொழி பயின்றார்.

1947 ஆகஸ்டில், விடுதலை விழாவிற்குத் தில்லி செல்லாமல், கல்கத்தாவில் சுஹ்ரவர்தியுடன் ஒரே வீட்டில் தங்கினார். மீண்டும் வன்முறை எழவே செப்டம்பர் 1ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். இரு சமயத் தலைவர்களும் அமைதிக்கு உறுதியளித்துக் கையெழுத்திட, 4ஆம் நாள் நோன்பு முடிந்தது. கலவரக்காரர் சிலர் தம் ஆயுதங்களைக் கொணர்ந்து அவர் முன் வைத்தனர்.

தீராத பிணக்குகள்

அவர் தொட்டதெல்லாம் துலங்கிற்று என்று கூறினால் அது உண்மையாகாது. 1944இல் ஜின்னாவுடன் பல நாள் நடத்திய பேச்சு பயனற்றுப் போனது, நாடு பிளவுபட்டது. அதனினும் நெஞ்சைத் தொடுவது, தம் மூத்த மகன் ஹரிலாலுடன் அவருக்கு ஏற்பட்ட பிணக்கு. உயர்கல்விக்குத் தந்தை தமக்கு வழி செய்யவில்லை என்ற மனக்குறையோடு ஹரிலால் 1911இல் பிரிந்தார். அப்புண் இறுதிவரை முழுமையாக ஆறவில்லை. அயலார் நூறு பேரின் வழக்கை ஆற அமரக் கேட்டவர்க்கும், தம் வீட்டில் கேட்பது அரிதாயிற்று. குடும்பத் தலைவர்கள் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

1948 ஜனவரி 30ஆம் நாள், தில்லியில் மாலை வழிபாட்டிற்குச் செல்லும் வழியில் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னர்தான், தலைநகரில் சமய இணக்கம் வேண்டித் தம் இறுதி நோன்பை அவர் முடித்திருந்தார்.

நமக்குரிய பாடம்

நம் நாட்டில் 1975இல் தொடங்கப்பெற்ற ருக்குன் தெத்தாங்கா அமைப்பிற்கு, அண்டை அயலாரிடையே எழும் பிணக்குகளைப் பேசித் தீர்த்து வைக்கும் பணியை 2012ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியுள்ளது. அப்பணிக்கெனப் பயிற்சி பெற்ற சமூக நடுவர்களும் உள்ளனர். அவர்கள் தீர்ப்பு வழங்குவதில்லை. இரு தரப்பாரையும் அமர்த்தி, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கச் செய்து, அவர்களே ஒரு முடிவுக்கு வர உதவுகின்றனர். பிரிட்டோரியாவில் காந்தியடிகள் கண்ட வழியும் இதனை ஒத்ததே.

அவர் வாழ்வு காட்டும் நெறி எளியது. முதலில் உண்மையை அறிதல். இரு பக்கமும் கேட்டல். தம்மவர் கேட்பதில் மிகை இருப்பின் முதலில் அதைக் குறைத்தல். தோற்றவர் மானம் காத்தல். தம் தவறு தெரிந்தவுடன் ஒப்புக்கொள்ளுதல். நிர்வாகக் கூட்டத்திலும், குடும்பத்திலும், பணியிடத்திலும் இவ்வைந்தும் பயன்படும்.

திருவிழா நாளில் ஒரே தேரின் வடத்தைப் பலரும் சேர்ந்து இழுக்கிறோம். ஆளுக்கொரு திசையில் இழுத்தால் தேர் நகராது. ஆண்டு முழுவதும் பேசாதிருந்த உறவினரோ அண்டை வீட்டாரோ இவ்விழாவிற்கு வருவாராயின், அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் சொல்வதை இடைமறிக்காமல் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக. அதுவே அண்ணலுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.